11 புள்ளி வீட்டில், 8 புள்ளி ஜெர்மனியில்: யூரோ தகுதிச் சுற்றின் வெயிட்டிங் லிஸ்ட்

2024 யூரோ கால்பந்து கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ‘ஏ’ பிரிவு முடிந்தபோது பட்டியல் இப்படி இருந்தது: ஸ்பெயின் 21 புள்ளி, ஸ்காட்லாந்து 17, நார்வே 11, ஜார்ஜியா 8, சைப்ரஸ் 0. ஒவ்வொரு அணியும் எட்டு ஆட்டம் ஆடி முடித்த கணக்கு இது. இந்தப் பிரிவிலிருந்து கடைசியில், போட்டி நடந்த ஜெர்மனிக்குப் போன அணிகள் மூன்று. ஸ்பெயின், ஸ்காட்லாந்து, அப்புறம் ஜார்ஜியா.

எழுத்துப்பிழை இல்லை. எர்லிங் ஹாலாண்டும் மார்ட்டின் ஓடெகார்டும் ஆடும் நார்வே மூன்றாம் இடம் பிடித்து வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தது. நான்காம் இடத்து ஜார்ஜியா விமானம் ஏறியது. 2023 செப்டம்பர் 8 அன்று சொந்த ஊரான திபிலிசியில் ஸ்பெயினிடம் 1-7 என்று அடி வாங்கிய அதே ஜார்ஜியாதான். 16 வயது லாமின் யமால் ஸ்பெயினுக்காக முதன்முதலில் களமிறங்கி கோல் போட்ட ஆட்டம் அது.

‘இதென்ன நியாயம்?’ என்று அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். விதிப்புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் 2023இல் இல்லை, 2022 செப்டம்பரில் ஒரே இரவில் இருக்கிறது. அதுவும் யூரோவோடு சம்பந்தமே இல்லாதவை போலத் தெரிந்த மூன்று ஆட்டங்களில்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யூஃபாவில் 55 உறுப்பு நாடுகள். ஜெர்மனி போட்டியை நடத்தும் நாடு, அதற்கு இடம் உறுதி. ரஷ்யா இடைநீக்கத்தில் இருந்தது. மீதி 53 அணிகளை 10 பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் நேரடியாகத் தேர்வு. ஆக 20. ஜெர்மனியோடு 21. மொத்தம் 24 இடம் என்பதால் மூன்று மிச்சம். அந்த மூன்றுக்குத்தான் பிளே-ஆஃப்: 12 அணிகள், நான்கு நான்காக மூன்று பாதைகள், ஒவ்வொரு பாதையிலும் ஒரே ஆட்ட அரையிறுதி, ஒரே ஆட்ட இறுதி.

இந்த 12 பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் சூட்சுமம். பிரிவில் மூன்றாம் இடம் வந்தவர்களைக் கூப்பிடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். 2016 யூரோவுக்கு அப்படித்தான் நடந்தது. 2018இல் நேஷன்ஸ் லீக் வந்த பிறகு அது மாறிவிட்டது. நட்பு ஆட்டங்களை யாரும் பொருட்படுத்துவதில்லை, பாதி அணி ஆடாது, ரசிகருக்கும் ஆர்வம் இல்லை என்பதால், பலத்தின்படி நாடுகளை ஏ, பி, சி, டி என்று நான்கு லீக்குகளாகப் பிரித்து, சமபலம் உள்ளவர்களை மோதவிடும் போட்டி அது. அதற்கும் ஒரு ‘மரியாதை’ வேண்டும் அல்லவா? அதனால் யூரோ பிளே-ஆஃப் இடங்களை அதன் தலையில் கட்டினார்கள். நேஷன்ஸ் லீக்கில் தன் பிரிவை வென்ற அணி, யூரோ தகுதிச் சுற்றில் சொதப்பினாலும் பிளே-ஆஃபில் ஓர் இடம் வைத்திருக்கும்.

ஜார்ஜியா 2022இல் ‘சி’ லீக்கில் பல்கேரியா, வட மாசிடோனியா, ஜிப்ரால்டர் அடங்கிய பிரிவில் ஆறு ஆட்டத்தில் ஐந்து வெற்றி, ஒரு டிரா என்று முதலிடம் பிடித்திருந்தது. யூரோ தகுதிச் சுற்றின் முதல் பந்து உதைபடும் முன்பே பையில் டோக்கன் ரெடி. ஸ்பெயினிடம் வாங்கிய ஏழு கோல் மானத்துக்குத்தான் அடி, டோக்கனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நார்வேயின் கதை வேறு. அதைப் புரிந்துகொள்ள நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் போதும்: ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட். நேஷன்ஸ் லீக் பிரிவை வென்ற அணி நேரடியாகவே யூரோவுக்குத் தேர்வாகிவிட்டால், அதற்கு பிளே-ஆஃப் இடம் தேவையில்லை. டிக்கெட் கேன்சல் ஆன மாதிரி. அந்த இடம் அதே லீக்கில் தரவரிசையில் அடுத்து நிற்கும் அணிக்குப் போகும். யார் கேன்சல் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து லிஸ்ட் நகரும். 2023 நவம்பரில் சார்ட் தயாரானபோது, ‘பி’ லீக்கிலிருந்து உள்ளே போனவர்கள் ஐந்து பேர்: இஸ்ரேல், போஸ்னியா, பின்லாந்து, உக்ரைன், ஐஸ்லாந்து. நேஷன்ஸ் லீக்கின் மொத்தத் தரவரிசை லிஸ்டில் ஐஸ்லாந்து 23ஆம் இடம். 24ஆம் இடம் நார்வே. WL 1இல் நின்றுபோன டிக்கெட்டின் வயிற்றெரிச்சல் நமக்குத் தெரியாததா?

இனி அந்த இரவுக்கு வருவோம். 2022 செப்டம்பர் 27. நேஷன்ஸ் லீக் பிரிவு ஆட்டங்களின் கடைசி நாள்.

ஓஸ்லோவில் நார்வேயும் செர்பியாவும் மோதின. இரண்டு அணியும் 10 புள்ளியோடு வந்திருந்தன. ஜூன் மாதம் பெல்கிரேடில் நார்வே 1-0 என்று ஜெயித்திருந்ததால், ஓஸ்லோவில் டிரா செய்தாலே போதும், பிரிவு நார்வேக்கு. செர்பியா 2-0 என்று ஜெயித்தது. விளாஹோவிச் ஒன்று, மித்ரோவிச் ஒன்று. ‘சரி, நேஷன்ஸ் லீக்தானே’ என்று அன்று பலர் விட்டுவிட்டார்கள். முதலிடம் போனதோடு, பிளே-ஆஃபுக்கான உறுதியான டோக்கனும் அதோடு போனது.

அதே இரவு டிரானாவில் அல்பேனியாவும் ஐஸ்லாந்தும். ரஷ்யா வெளியேற்றப்பட்டதால் அந்தப் பிரிவில் மூன்றே அணிகள். ஐஸ்லாந்து கேப்டன் ஆரோன் குன்னார்சன் பத்தாவது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். அல்பேனியா ஒரு கோல் போட்டு முன்னிலை. பத்துப் பேரோடு ஆடிய ஐஸ்லாந்துக்கு, 90 நிமிடமும் தாண்டிக் கூடுதலாகக் கொடுத்த நேரத்தில், மிகேல் ஆண்டர்சன் சமன் கோல் போட்டார். 1-1. ஐஸ்லாந்து அந்தத் தொடரில் ஆடிய நான்கு ஆட்டமும் டிரா. ஒரு வெற்றிகூட இல்லாமல் நான்கு புள்ளியோடு இரண்டாம் இடம்.

நான்கு டிரா செய்த ஐஸ்லாந்து, 10 புள்ளி எடுத்த நார்வேக்கு மேலே எப்படிப் போனது? இங்கேதான் மூன்றாவது ஆட்டம் வருகிறது. மற்ற பிரிவுகளில் நான்கு அணி, ரஷ்யா இருந்த பிரிவில் மூன்று அணி. இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால், மற்ற பிரிவுகளில் கடைசி இடம் வந்த அணிக்கு எதிரான முடிவுகளைக் கழித்துவிட வேண்டும். நார்வே பிரிவில் கடைசி இடம் ஸ்வீடன். நார்வே ஸ்வீடனை இரண்டு முறை வென்றிருந்தது, சோல்னாவில் 2-1, ஓஸ்லோவில் 3-2. அந்த ஆறு புள்ளியும் அழிந்தது. மிச்சம் நான்கு. ஐஸ்லாந்துக்கும் நான்கு. ஆனால் நார்வே போட்டது இரண்டு கோல், வாங்கியது நான்கு. ஐஸ்லாந்து போட்டதும் ஆறு, வாங்கியதும் ஆறு. கோல் வித்தியாசத்தில் ஐஸ்லாந்து மேலே.

சரி, ஸ்வீடன் ஏன் கடைசி? அதே செப்டம்பர் 27 இரவு, ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் ஸ்வீடன் ஸ்லோவேனியாவோடு ஆடி 1-1 என்று டிரா செய்தது. ஜெயித்திருந்தால் ஸ்வீடன் 6, ஸ்லோவேனியா 5. கடைசி இடம் ஸ்லோவேனியாவுக்குப் போயிருக்கும். அப்போது நார்வே கணக்கில் கழிபடுவது ஸ்லோவேனியாவுக்கு எதிராக எடுத்த ஒரே ஒரு புள்ளி. ஒன்பது புள்ளியோடு நார்வே லிஸ்டில் ஐஸ்லாந்தைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும்.

ஓஸ்லோவில் ஒரு டிரா, அல்லது டிரானாவில் அந்தக் கடைசி நேர கோல் விழாமல் போயிருப்பது, அல்லது சோல்னாவில் ஸ்வீடனுக்கு ஒரு கோல் கூடுதல். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் நார்வே பிளே-ஆஃபில் இருந்திருக்கும். (டிரானாவில் அல்பேனியா ஜெயித்திருந்தால் அந்த இரண்டாம் இடம் அல்பேனியாவுடையது. அல்பேனியா பிறகு யூரோவுக்கு நேரடியாகவே தேர்வானதால் இடம் காலியாகி, அடுத்து நின்ற நார்வேக்கு வந்திருக்கும்.) மூன்றும் ஒரே நேரத்தில் நார்வேக்கு எதிராக விழுந்தன. அதன் விலை என்ன என்று தெரிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

இதையெல்லாம் சொன்னதால் நார்வேக்கு அநியாயம் நடந்தது என்று நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். நேர் வழியிலேயே அதற்கு வாய்ப்பு இருந்தது. 2023 ஜூன் 17, சனிக்கிழமை மாலை, ஓஸ்லோவில் ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டம். 61ஆவது நிமிடத்தில் ஹாலாண்ட் பெனால்டியில் கோல் போடுகிறார். 84ஆவது நிமிடத்தில், வேலை முடிந்தது என்ற நினைப்பில் அவரை வெளியே அழைக்கிறார்கள். 87ஆவது நிமிடத்தில் லிண்டன் டைக்ஸ், 89ஆவது நிமிடத்தில் கென்னி மெக்லீன். 1-2. ஹாலாண்ட் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கோலையும் பார்த்தார். ஸ்காட்லாந்து அந்தப் பிரிவைத் தாண்டியதே அந்த இரண்டு நிமிடத்தில்தான் என்று சொல்வேன். இரண்டு கதவும் திறந்திருந்தன, நார்வே இரண்டையும் தானே சாத்திக்கொண்டது.

எனக்கு உறுத்துவது எஸ்டோனியா விஷயம். யூரோ தகுதிச் சுற்றில் எட்டு ஆட்டத்தில் அது எடுத்தது ஒரே ஒரு புள்ளி. ஆனால் நேஷன்ஸ் லீக்கின் ‘டி’ லீக்கில், மால்டாவும் சான் மரினோவும் இருந்த பிரிவில், நாலுக்கு நாலு ஜெயித்திருந்தது. ‘ஏ’ லீக்கில் ஆள் போதாமல் காலியான இடங்களில் ஒன்று அதற்குப் போனது. வார்சாவில் போலந்து 5-1 என்று அனுப்பி வைத்தது. சிறிய நாடுகளுக்குக் கதவு திறப்பது நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு புள்ளிக்காரர் உள்ளே, 11 புள்ளிக்காரர் வெளியே என்ற நிலையை எந்த விதி உண்டாக்கினாலும், அதைச் சாதாரண ரசிகருக்கு விளக்கப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

வெயிட்டிங் லிஸ்டில் வந்தவர்கள் ஒப்புக்கு ஆடிவிட்டுப் போவார்கள் என்று நினைத்தால் 1992ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்தத் தகுதிச் சுற்றில் யூகோஸ்லாவியா 14 புள்ளியோடு பிரிவை வென்றது, டென்மார்க் 13 புள்ளியோடு இரண்டாவது. அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான், இறுதிப் போட்டியிலும் எட்டே அணிகள். பால்கன் போரால் ஐ.நா. தடை வந்து, போட்டி தொடங்க பத்து நாள் இருக்கும்போது யூகோஸ்லாவியாவை வெளியேற்றினார்கள். டென்மார்க்கைக் கூப்பிட்டார்கள். 1992 ஜூன் 26 அன்று கோதன்பர்க் நகரில் ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது அந்த டென்மார்க்.

புள்ளிகள் சமமானால் என்ன செய்வது என்பதும் பழைய தலைவலி. 1983 டிசம்பர் 21, செவில்யா நகரில் ஸ்பெயின், மால்டாவோடு கடைசி ஆட்டம். நெதர்லாந்து ஏற்கெனவே எல்லா ஆட்டத்தையும் முடித்துவிட்டுக் காத்திருக்கிறது. ஸ்பெயின் ஜெயித்தால் புள்ளி சமம், ஆனால் கோல் கணக்கில் நெதர்லாந்தை முந்த 11 கோல் வித்தியாசம் வேண்டும். இடைவேளையில் 3-1. யாருக்கும் நம்பிக்கை இல்லை. இரண்டாம் பாதியில் ஒன்பது கோல். சாந்தியானா நான்கு, ரின்கோன் நான்கு, கடைசி கோல் செனோர். 12-1. இரண்டு அணிக்கும் 13 புள்ளி, கோல் வித்தியாசமும் சரிசமமாக 16. ஸ்பெயின் போட்ட கோல் 24, நெதர்லாந்து போட்டது 22. ஸ்பெயின் உள்ளே.

இன்று யூரோ தகுதிச் சுற்றில் முதலில் பார்ப்பது சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய முடிவுகளை. பலவீனமான அணியைப் போட்டு அடித்துக் கணக்கைத் தேற்றிக்கொள்வதற்கு இதில் இடம் குறைவு. ஆனாலும் ஒரு வேடிக்கை. ஸ்பெயினும் நெதர்லாந்தும் அந்த முறை தங்களுக்குள் ஆடியது 1-0, 1-2. ஆளுக்கு ஒரு வெற்றி, ஆளுக்கு இரண்டு கோல். இன்றைய விதியைக் கொண்டுபோய் வைத்தாலும் தீர்வு கிடைக்காமல் மறுபடி மால்டா ஆட்டத்துக்கே வந்து நிற்கும்.

2023இல் இந்த விதி இத்தாலியைக் காப்பாற்றியது. நவம்பர் 20, லெவர்குசன். போரால் சொந்த மண்ணில் ஆட முடியாத உக்ரைனுக்கு அன்று ஜெர்மன் நகரம்தான் ‘சொந்த ஊர்’. உக்ரைன் ஜெயிக்க வேண்டும், இத்தாலிக்கு டிரா போதும், ஏனென்றால் மிலானில் இத்தாலி 2-1 என்று ஜெயித்திருந்தது. 0-0 என்று இருக்கும்போது கடைசி நிமிடங்களில் பெனால்டி பகுதிக்குள் இத்தாலியின் கிறிஸ்டான்டேயின் கால் பட்டு உக்ரைனின் முட்ரிக் விழுந்தார். நடுவர் விசில் ஊதவில்லை. இரு அணிக்கும் 14 புள்ளி. இத்தாலி நேரடியாக, உக்ரைன் பிளே-ஆஃபுக்கு. அங்கே போஸ்னியாவை 2-1 என்று தாண்டி, இறுதியில் விரோட்ஸ்வாஃப் நகரில் ஐஸ்லாந்தைச் சந்தித்தது. ஆம், நார்வேயின் இடத்தில் நின்ற அதே ஐஸ்லாந்து. இஸ்ரேலை 4-1 என்று வென்றுவிட்டு வந்திருந்தது. ஐஸ்லாந்துதான் முதல் கோலும் போட்டது. உக்ரைன் சமன் செய்தது. 84ஆவது நிமிடத்தில் வெற்றி கோல் போட்டவர் முட்ரிக்.

எல்லா அணியும் தகுதி பெறுவதற்காகவே ஆடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரான்ஸ் 14-0 என்று ஜிப்ரால்டரை வென்றது, யூரோ தகுதிச் சுற்று வரலாற்றில் மிகப் பெரிய வெற்றி. அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எனக்குப் பிடித்தது சான் மரினோதான். 2023 அக்டோபர் 17 அன்று டென்மார்க்குக்கு எதிராக அலெஸ்ஸாண்ட்ரோ கொலினுச்சி ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கினார். ஒன்பது நிமிடம் நீடித்தது அந்தச் சமநிலை. 1-2 என்று தோற்றார்கள். அடுத்த இரண்டு ஆட்டத்திலும் ஒவ்வொரு கோல். பத்து ஆட்டமும் தோற்ற அணி, அந்த மூன்று கோலையும் கொண்டாடிய விதத்தைப் பார்த்தால் கோப்பையே வென்றார்களோ என்று தோன்றும்.

ஜார்ஜியாவுக்கு வருவோம். இந்தப் பின்வாசல் அவர்களுக்குப் புதிதல்ல. முந்தைய யூரோவிலும் நேஷன்ஸ் லீக் வழியாக பிளே-ஆஃப் இறுதிக்கு வந்தார்கள். 2020 நவம்பர் 12, அதே திபிலிசி, எதிரே வட மாசிடோனியா. 37 வயது கோரன் பாண்டெவ் போட்ட ஒற்றைக் கோலில் எல்லாம் முடிந்தது.

மூன்று வருஷத்துக்கு மேல் கழித்து, 2024 மார்ச் 26, மறுபடி அதே மைதானம். அரையிறுதியில் லக்சம்பர்க்கை 2-0 என்று வென்றிருந்தார்கள். இறுதியில் கிரீஸ், 2004இல் கோப்பையை வென்ற நாடு. 120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. பெனால்டி ஷூட்-அவுட். ஜார்ஜியாவின் கோல் வலைக்கு முன்னால் கோல்கீப்பர் மமர்தாஷ்விலி. கடைசி உதைக்கு நடந்து போனவர் நிக்கா க்வெக்வெஸ்கிரி. பந்து உள்ளே. 4-2. பயிற்சியாளர் வில்லி சன்யோலையும் வீரர்களையும் சூழ்ந்துகொண்டு கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. சோவியத் யூனியனிலிருந்து பிரிந்து தனி நாடான பிறகு அவர்கள் காலெடுத்து வைத்த முதல் பெரிய போட்டி அது.

ஜெர்மனியில் 2024 ஜூன் 26 அன்று கெல்சன்கிர்ஷனில் போர்ச்சுகலை 2-0 என்று தோற்கடித்தார்கள். தகுதிச் சுற்றில் பத்துக்குப் பத்து ஜெயித்து, 36 கோல் போட்டு, இரண்டே கோல் வாங்கியிருந்த போர்ச்சுகல். க்வாரட்ஸ்கேலியா இரண்டாவது நிமிடத்திலேயே முதல் கோல் போட்டார். நான்காம் இடத்துக்காரருக்கு எதற்கு இடம் என்று கேட்ட வாய்கள் அன்று கொஞ்சம் அடங்கின. அடுத்த சுற்றில் ஸ்பெயின் 4-1 என்று வழியனுப்பியது, அது வேறு.

2028இல் கணக்கு இன்னும் சிக்கல். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்து நடத்துகின்றன. நடத்துகிறோம் என்பதற்காக நேரடி இடம் கிடையாது, நால்வரும் தகுதிச் சுற்று ஆட வேண்டும். 12 பிரிவு, பிரிவை வெல்லும் 12 அணிகளும், இரண்டாம் இடத்தில் சிறந்த எட்டும் நேராக உள்ளே. தகுதி பெறாமல் போகும் நடத்தும் நாடுகளுக்காக இரண்டு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்து தேறிவிடும் என்று வைத்துக்கொள்வோம். மற்ற மூன்றில் இரண்டு தவறினால் பிளே-ஆஃபுக்கு மிச்சம் இரண்டே இடம். ஒன்று தவறினால் மூன்று. ஒன்றும் தவறாவிட்டால் நான்கு. வேல்ஸ் கார்டிஃபில் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினால், அதனால் யாருடைய வெயிட்டிங் லிஸ்ட் நகரும், யாருடையது நிற்கும் என்று எங்கோ நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒருவர் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.